‘இன்பாக்ஸ் கேரண்டி’ என்று எஸ்எம்டிபி விற்பவர்களிடம் உஷார்: 14,160 ரூபாய் போச்சு

ஆண்டுக் கட்டணம் 12,000, அதன் மேல் 18% ஜிஎஸ்டி. மொத்தம் 14,160 ரூபாய். பைத்தான் ஸ்கிரிப்ட்டிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு பில் மெயில் போக வேண்டும், அவ்வளவுதான் தேவை. விற்றது ஒரு எஸ்எம்டிபி ரிலே ரீசெல்லர், அதாவது நம் மெயிலை வாங்கி உரியவருக்கு அனுப்பிவைக்கும் சர்வர் சேவையை மறுவிற்பனை செய்பவர். கடைசியில் என்ன செய்யலாம் என்றும் சொல்கிறேன்.

நம்ப வைத்தது டெமோதான். ஸ்கிரீன் ஷேரில், பைத்தானோடு வரும் மெயில் அனுப்பும் நூலகமான எஸ்எம்டிபிலிப்பில் ஆறேழு வரி: போர்ட் 587, இணைப்பைக் குறியாக்கும் ஸ்டார்ட்டிஎல்எஸ், லாகின், செண்ட். அடுத்த நொடி ஜிமெயில் இன்பாக்ஸில் மெயில். “பாத்தீங்களா சார், பிரைமரி டேப்!” அந்த டெமோ மெயிலின் ஃப்ரம் முகவரி அவர்களுடைய டொமைன். அவர்கள் டொமைனுக்கு அவர்களே டிகிம் கையெழுத்து (மெயில் அந்த டொமைனின் பெயரில்தான் வருகிறது என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) போட்டால் இன்பாக்ஸுக்குப் போகாமல் எங்கே போகும்?

பணம் கட்டி நம் டொமைனிலிருந்து அனுப்பியதும் எல்லாம் ஸ்பேம். ஜிமெயிலில் மூன்று புள்ளியைத் தட்டி ‘ஷோ ஒரிஜினல்’ பார்த்தால் கதை தெரியும். எஸ்பிஎஃப் (அனுப்பும் சர்வருக்கு அனுமதி உண்டா என்ற சோதனை) பாஸ், டிகிம் பாஸ், டிமார்க் (இவை ஃப்ரம் முகவரியோடு பொருந்துகின்றனவா என்ற சோதனை) ஃபெயில். ரிட்டர்ன்-பாத்தும் (போய்ச் சேராத மெயில் பற்றிய தகவல் வரும் முகவரி) டிகிம் டொமைனும் அவர்களுடையவை. ஃப்ரம் மட்டும் நம்முடையது. இரண்டில் ஒன்றாவது ஃப்ரம் டொமைனோடு பொருந்தினால்தான் டிமார்க் தேறும். நம் டிமார்க் ரெக்கார்டில் பி=குவாரண்டைன், அதாவது ‘தேறாததை ஒதுக்கி வை’ என்று இருந்ததால் நேராக ஸ்பேம்.

இதைவிட அயோக்கியத்தனம் அவர்கள் கொடுத்த கண்ட்ரோல் பேனலில். எல்லா மெயிலுக்கும் பச்சையில் ‘டெலிவர்டு’. ரிலே 250 என்று பதில் சொன்னால் வரிசையில் வாங்கிக்கொண்டேன் என்று மட்டுமே அர்த்தம். பைத்தானில் செண்ட்_மெசேஜ் காலி டிக்ஷனரி {} திருப்பித் தருவதும் அதைத்தான் சொல்கிறது. பிறகு மெயில் பவுன்ஸ் ஆனால், அதாவது போய்ச் சேராமல் திரும்பினால், அந்தத் தகவல் ரிட்டர்ன்-பாத்துக்குப் போகும், அதாவது அவர்கள் பெட்டிக்கு. நமக்குத் தெரியவே தெரியாது, கிரெடிட் மட்டும் கழியும்!

சப்போர்ட் இருக்கிறதே. முதலில் “டிஎன்எஸ் பரவ 48 மணி நேரம் ஆகும் சார்.” டிடிஎல் (பழைய டிஎன்எஸ் பதிலை மற்ற சர்வர்கள் வைத்திருக்கும் நேரம்) 300 நொடி, டிஎன்எஸ்ஸைப் பார்க்கும் ‘dig’ கட்டளையைக் கொடுத்தால் புது ரெக்கார்டு வந்து நிற்கிறது. அப்புறம் “சப்ஜெக்ட்ல இன்வாய்ஸ்னு இருக்கு, அதான்.” அப்புறம் “வார்ம்-அப் ஆகணும் (கொஞ்சம் கொஞ்சமா அனுப்பி நல்ல பேர் வாங்கணும்), ஒரு மாசம் பொறுங்க.” ஹெடரை அப்படியே ஒட்டி, நம் டொமைனுக்கு டிகிம் சாவி கேட்டால், “அது என்டர்பிரைஸ் பிளான்ல சார்.” பணத்தைத் திருப்பிக் கேட்டால் “கிரெடிட் யூஸ் ஆயிடுச்சு.” டிக்கெட் ‘ரிசால்வ்டு’. 14,160 ரூபாய்க்கு ஐந்து சாக்கு.

என்ன செய்யலாம் என்றேன் அல்லவா, இப்போதைக்கு அவசரமாக இவ்வளவுதான். உங்கள் டொமைனிலிருந்தே டெமோ காட்டச் சொல்லுங்கள். டிகிம் உங்கள் பெயரில் கிடைக்குமா, பவுன்ஸ் எங்கே வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் சர்வரின் ஐபி முகவரி கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று ஸ்பேம்ஹாஸ் தளத்தில் பாருங்கள். மாதக் கட்டணம் மட்டும், வருடத்துக்குக் கட்டவே கட்டாதீர்கள். ஒரு நாளைக்கு நூறு, இருநூறு மெயில்தான், ஜிமெயில் முகவரியிலிருந்தே போனால் பரவாயில்லை என்றால் ரிலேயே வேண்டாம்: கூகுள் கணக்கில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுத்து, யாக்மெயில் என்ற பைத்தான் நூலகத்தில் மூன்றே வரி.

டிக்கெட்டைத் திரும்பத் திறந்தேன். எழுதி முடிப்பதற்குள் மறுபடி மூடிவிட்டார்கள்.