அம்பலாங்கொடையில் வாங்கிய கொர சன்னிய முகமூடி

வாய் ஒரு பக்கம் இழுபட்டிருக்கும். அதே பக்கத்துக் கன்னம் தொய்ந்து, மூக்கும் கோணிப்போயிருக்கும். வாதநோய் விடுதியில் தாதியாக வேலை செய்தவள் நான். இந்த முகத்தை மனிதரில் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். செதுக்கினவரும் கண்டிருக்கிறார். அதுதான் வாங்கினேன்.

சிங்களவரின் நோய் தீர்க்கிற சன்னி யக்கும சடங்கில் வருகிற பதினெட்டு நோய்ப் பேய்களில் கொர சன்னிய ஒன்று, முடக்கத்துக்கு உரியது. குருட்டுக்குக் கண, ஊமைக்குக் கொளு, செவிட்டுக்குப் பிஹிரி, வாந்திக்கு நாக்கை நீட்டிய அமுக்கு. வாதம், பித்தம், சிலேட்டுமம் மூன்றுக்கும் தனித்தனிப் பேய்கள் உண்டு. எல்லாருக்கும் தலைவன் மகா கோல சன்னிய. விசாலா நகரத்து அரசன் வீண்பழி சுமத்திக் கொன்ற கர்ப்பிணி அரசியின் பிள்ளை அவன். தாய்க்காகப் பழிவாங்க நஞ்சு உருண்டைகளிலிருந்து இந்தப் பேய்களைப் படைத்தான், புத்தர் வந்து அடக்கினார் என்பது கதை. பட்டியல் ஊருக்கு ஊர் மாறும். சிலவற்றில் ‘தெமள சன்னிய’, அதாவது தமிழ்ச் சன்னி, என்று நம்முடைய பெயரிலும் ஒரு பேய் நிற்கிறது. அதை வாசித்தபோது மனம் கனத்தது, மறைக்க விரும்பவில்லை.

சடங்கில் பேய் தீப்பந்தத்தில் குங்கிலியத் தூளை வீசிச் சுவாலை எழுப்பிக்கொண்டு வரும். மேளகாரர் அதை மறித்து வாய்க்கு வாய் கதை கேட்பார். பேர் என்ன, ஏன் வந்தாய், என்ன வேணும்? பயந்து கிடந்த நோயாளி சிரிக்கத் தொடங்குவார். படையலை வாங்கிக்கொண்டு, நோயை விட்டுப் போகிறேன் என்று பேய் ஒப்புக்கொள்ளும். வருத்தம் என்னவென்று தெரியாமல் தவிக்கிற சனத்துக்கு அதன் பேரைச் சொன்னாலே பாதிப் பயம் இறங்கும். விடுதியில் நான் கண்ட உண்மை இது.

இனிச் சாமானைப் பற்றி. கடுரு மரம், பாரமே இல்லை, ஒரு விரலில் தூக்கலாம். ஆடுகிறவர் இதைப் போட்டுக்கொண்டு ஆட வேணுமே. ரூபா 9,500 கொடுத்தேன். அந்த வேலைக்கு அது அதிகம் இல்லை. மஞ்சளும் கறுப்பும் மங்கலாகப் பூசியிருக்கிறார்கள், பளபளப்பு இல்லை, எனக்கு அதுதான் பிடித்தது. குறை இரண்டு: உட்பக்கத்தை அரத்தால் சரியாகத் தேய்க்கவில்லை, சிராய் குத்துகிறது. மாட்டுகிற வளையம் வீட்டுக்கு வந்ததும் கழன்றுவிட்டது. வேறு ஆணி அடித்தேன்.

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது பாம்புப் படம் விரித்த நாக ராக்ஷவை. உல்லாசப் பயணிகள் அதிகம் கேட்பது அதைத்தான் என்றார். அழகுதான். ஆனால் ராக்ஷ முகமூடிகள் கோலம் என்ற நாட்டுக்கூத்துக்கு உரியவை, நோய் தீர்க்கிற சடங்குக்கு அல்ல. மயில் முகமூடியை மாட்டினால் சமாதானம், நாக முகமூடியை மாட்டினால் காவல் என்று சில கடைகளில் சொல்லி விற்பதைக் கேட்க எரிச்சல் வந்தது. பேரும் வேலையும் தெரியாமல் ஒன்றும் வாங்காதீர்கள்.

ஆகவே கடைக்கு முன்னர் அம்பலாங்கொடையிலேயே இருக்கிற ஆரியபால முகமூடி அருங்காட்சியகத்துக்குப் போங்கோ. ராக்ஷ, கோலம், சன்னி மூன்றையும் அங்கே ஆறுதலாகப் பார்த்துப் பழகலாம். கொழும்பிலிருந்து காலி வீதியால் 80 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். கரையோர ரயிலும் அங்கே நிற்கும்.

சின்னப் பிள்ளைகள் படுக்கிற அறையில் மாட்டவேண்டாம். ஈரத்துணியும் வேண்டாம், காய்ந்த தூரிகையால் தூசு தட்டினால் போதும். அடுத்து அமுக்கு சன்னிய ஒன்று வாங்க இருக்கிறேன், அதே கடையில்தான், ஆனால் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு.