பக்கவாதத்துக்குப் பின் வீட்டு மறுவாழ்வுச் சேவை: நிறையும் குறையும்

வீட்டுக்கே வரும் மறுவாழ்வுச் சேவையை எடைபோட முதல் கேள்வி: டிஸ்சார்ஜ் ஆன எத்தனையாவது நாளில் வருகிறார்கள்? ஓரிரு நாளுக்குள் வந்தால் நம்பலாம். இரண்டு வாரம் இழுத்தால் வார்டில் பழகிய நடை நழுவிவிடும்.

இதன் பெரிய பலம் வீட்டாருக்குத் தரும் பயிற்சிதான். சக்கர நாற்காலியை நோயாளியின் நல்ல கைப்பக்கம் சாய்வாக நிறுத்தி, பிரேக் போட்டு, கால்தாங்கியை விலக்கி, பாதங்கள் தரையில் பதிந்த பிறகே எழுப்ப வேண்டும். தளர்ந்த கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தசைப்பிடிமானம் இல்லாத தோள்மூட்டு கீழிறங்கி, தீராத வலி தொடங்கலாம். பிடிக்க இடுப்பு பெல்ட் இருக்கிறது.

பிசியோதெரபி மட்டும் தரும் சேவை அரைகுறைதான். சாப்பிடும்போது இருமுகிறாரா, குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்று கவனிக்க விழுங்குதல் பயிற்சியாளரும் வர வேண்டும். பெரிய குறை, மருந்துப் பட்டியல்: வீட்டிலிருக்கும் பழைய மாத்திரைகளோடு புதியதை யாரும் ஒப்பிடுவதில்லை. முதல் நாளே ஒப்பிடச் சொல்லுங்கள்.