குயில்ட் துணி: அலசி வெட்டலாமா, அப்படியே வெட்டலாமா?

குயில்ட், அதாவது துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கும் போர்வை. அதற்கு வாங்கிய துணியை அலசிக் காயவைத்து வெட்டுவதா, கடையில் மடித்துக் கொடுத்தபடியே வெட்டுவதா? இதில் தைப்பவர்கள் இரண்டு கட்சி. அலசாத கட்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் மனதில் இருக்கும் துணி வேறு, புதுச்சேரியில் நம் கைக்கு வரும் துணி வேறு.

அவர்கள் பேசுவது குயில்ட்டுக்கென்றே ஒரே தரத்தில் நெய்து அச்சிட்ட பருத்தியைப் பற்றி. எல்லாத் துண்டும் அதே வகை என்றால் முதல் சலவையில் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு சுருங்கும். தையலை ஒட்டி மெல்லிய சுருக்கம் விழும். அதற்கென்றே ரசிகர்கள் உண்டு. அலசாத துணியில் மில் கஞ்சி இருப்பதால் விறைப்பாக நிற்கும், கத்தரிக்கு அடங்கும், கால் அங்குலத் தையலும் நேராக ஓடும்.

சரி, நம்மூருக்கு வருவோம். காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் கட் பீஸ் குவியலைக் கிளறினால் பருத்தி, ரேயான், பாலியஸ்டர் கலந்த பாப்ளின் எல்லாம் ஒன்றாகத்தான் கிடக்கும். அதோடு குறிஞ்சிப்பாடி கைத்தறி லுங்கித் துணி ஒன்று, ஆரோவில் பக்கம் வாங்கிய அவுரிச் சாயத் துணி ஒன்று என்று சேர்ப்போம். பருத்தி பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து சதவீதம் சுருங்கும். அதாவது ஒரு மீட்டருக்கு 3 முதல் 5 செ.மீ. ரேயான் அதைவிடக் கூடுதலாகவே சுருங்கும். பாலியஸ்டர் கலந்தது அவ்வளவாகச் சுருங்காது. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்துத் துவைத்தால், ஒரு கட்டம் இழுக்கும், பக்கத்துக் கட்டம் புடைக்கும். அதை அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

சுருக்கத்தைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சாயம்தான் பெரிய வில்லன். மெட்ராஸ் செக் என்ற நம் கட்டம் போட்ட பருத்தித் துணி அமெரிக்காவுக்குப் போனபோது, கட்டாயம் சாயம் போகும் என்பதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள். சட்டைக்கு அது சரி. வெள்ளைக் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்புக் கட்டம் வைக்கிறவருக்குச் சரிவராது. அவுரியும் அப்படித்தான். அது நூலுக்குள் முழுதாக ஊறாமல் மேலேயே படிந்து நிற்பது, உரசினாலே கையில் ஒட்டும்.

“அதெல்லாம் சாயம் போவாதுக்கா” என்று கடைக்காரர் அடித்துச் சொல்வார். வீட்டுக்கு வந்து பழைய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து, துணியின் ஒரு மூலையில் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வேட்டியில் நிறம் ஏறினால் அந்தத் துணி அலசாமல் குயில்ட்டுக்குள் போகக் கூடாது. அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். உப்புப் போட்டால் நிற்கும், வினிகர் ஊற்றினால் நிற்கும் என்பதை நம்ப வேண்டாம். வினிகர் போன்ற அமிலம் பட்டு, கம்பளிச் சாயங்களுக்கு உதவும். பருத்தியில் அது சாயத்தைப் பிடித்து நிறுத்தாது. ஒட்டாமல் மிஞ்சிய சாயம் தண்ணீரோடு வெளியேறும்வரை அலசுவதுதான் வழி.

அலசுவது என்றால் அடித்துத் துவைப்பதல்ல. வெட்டிய ஓரம் சிலும்பாமல் இருக்க ஜிக்ஜாக் தையல் ஒன்று ஓட்டி, அரைமணி நேரம் ஊறவைத்து, அலசி, நிழலில் காயப்போட்டால் போதும். குயில்ட்டைப் பிற்பாடு மெஷினில் வெந்நீரில் போடுவதாக இருந்தால், துணியையும் இப்போதே அதே சூட்டில் அலசிவிடுங்கள். அப்புறம், விறைப்பு போய்விட்டதே என்று அலசாத கட்சிக்காரர் அழுவார். வடித்த கஞ்சி எதற்கு இருக்கிறது? நீர்க்கக் கரைத்து முக்கி, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் கடைத் துணியைவிட நன்றாக நிற்கும். தைத்து முடித்ததும் அந்தக் கஞ்சியை அலசி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அலமாரியில் பூச்சி வரும்.

அலசாமல் விடவேண்டிய இடங்களும் உண்டு. சின்னச் சதுரங்களாக, பட்டைகளாக வெட்டியே விற்கும் துணியைத் தண்ணீரில் போட்டால் கோணிக்கொண்டு நூல் நூலாகப் பிரியும். சுவரில் மாட்டும் குயில்ட்டுக்குச் சலவையே கிடையாது. பழைய புடவை, வேட்டி என்றால் கேள்வியே இல்லை, ஏற்கெனவே பலமுறை துவைத்ததுதானே. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாலு மீட்டர் துணியை வீட்டுக்குள் காயவைத்து முடை நாற்றத்தோடு தைப்பதைவிடத் தை மாதம்வரை பொறுக்கலாம்.

பாதி அலசியது, பாதி அலசாதது என்ற சமரசம் மட்டும் வேண்டாம். பின்துணியையும் சேர்த்து அலச வேண்டும். சுருக்க அழகு பிடித்தவர்கள் நடுவில் அலசாத பருத்திப் பஞ்சு விரிப்பை வைக்கலாம். அது தானே சுருங்கி அந்த வேலையைச் செய்துவிடும். பாலியஸ்டர் விரிப்பில் அது நடக்காது.

அலசாமலே தைத்து முதல் சலவையில் சாயம் இறங்கிவிட்டால், குயில்ட்டைக் காயவிடாதீர்கள். பெரிய டப்பில் நிறையத் தண்ணீரும் சோப்பும் விட்டு, குயில்ட் முழுக்க மூழ்கும்படி ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். காய்ந்து, மேலே இஸ்திரியும் பட்டுவிட்டால் அந்தக் கறையை எடுப்பது மிகவும் கஷ்டம்.