நான்கு கோல்ஃப் பந்துகளும் ஒரு வாளி உப்புத் தண்ணீரும்

விலை கூடிய கோல்ஃப் பந்து அந்த விலைக்குத் தகுதியானதுதானா என்ற வாக்குவாதம், ஓசூரை ஒட்டிய மைதானத்தில் ஞாயிறுதோறும் ஆடும் எங்கள் நால்வருக்குள் இரண்டு ஆண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. முன்வரிசைப் பந்து ஒரு டஜனுக்குக் கொடுக்கும் பணத்தில் சாதாரண இரண்டடுக்குப் பந்து இரண்டு டஜன் வாங்கிவிடலாம் என்பது ஒருவர் கட்சி. நல்ல பந்தை ஒருமுறை அடித்துப் பார்த்தவன் திரும்பிப் போகமாட்டான் என்பது இன்னொருவர் கட்சி. சிப்காட்டில் உள்ள இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்ப்பவன் என்ற முறையில், அளந்து பார்க்காமல் பேசும் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே மாசி மாதத்தில் அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு காலை நேரங்களை இதற்கென்றே ஒதுக்கினோம்.

நான்கு வகைகளை எடுத்துக்கொண்டோம். முதல் வகை, யூரித்தேன் என்ற மென்மையான பிளாஸ்டிக்கால் மேலுறை போட்ட மூன்றடுக்குப் பந்து. டைட்டிலிஸ்ட் புரோ வி1, ஸ்ரிக்சன் இசட்-ஸ்டார் போன்றவை இந்தக் குடும்பம். டெய்லர்மேட் டிபி5 ஐந்தடுக்காக இருந்தாலும் உறையால் இதே குடும்பம்தான். இரண்டாவது, அயனோமர் என்ற சற்றுக் கடினமான பிளாஸ்டிக்கால் உறை போட்ட நடுத்தர விலை மூன்றடுக்குப் பந்து. மூன்றாவது, ஸ்ரிக்சன் சாஃப்ட் ஃபீல், கால்வே சூப்பர்சாஃப்ட் போன்றவற்றின் இனத்தைச் சேர்ந்த மென்மையான இரண்டடுக்குப் பந்து. நான்காவது, குளத்திலும் புதரிலும் தொலைந்த யூரித்தேன் பந்துகளைப் பொறுக்கிக் கழுவி, மேலே புதிதாக வண்ணம் பூசி விற்கும் மறுபூச்சுப் பந்து. சோதனையில் எந்த நிறுவனத்தின் பந்து இருந்தது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை, ஏனெனில் பெயர் தெரிந்துவிட்டால் கை தானாகவே பந்துக்கு ஏற்ற மாதிரி அடிக்கிறது. இதே காரணத்துக்காகத்தான் என் மகளை உட்காரவைத்து, எல்லாப் பந்துகளிலும் உள்ள முத்திரையைக் கறுப்பு மார்க்கரால் மறைத்து, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் எனப் புள்ளி வைக்கச் சொன்னேன். எந்த நிறம் எந்த வகை என்பதை அவள் ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டாள். சிவப்பு யூரித்தேன், பச்சை அயனோமர் மூன்றடுக்கு, நீலம் இரண்டடுக்கு என்பது எங்களுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. மறுபூச்சுப் பந்தான மஞ்சளை மட்டும் அதன் அளவுக்கு மீறிய பளபளப்பே முதல் நாளே காட்டிக்கொடுத்துவிட்டது.

மைதானத்துக்குப் போவதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை நடந்தது. கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யூஎஸ்ஜிஏ ஆகிய இரண்டு அமைப்புகளும் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கின்றன. எடைக்கு மேல்வரம்பும் விட்டத்துக்குக் கீழ்வரம்பும் மட்டும் இருப்பது ஏன் என்று எங்கள் தொழிலில் உள்ளவர்கள் உடனே கேட்பார்கள். கனமான, சிறிய பந்து காற்றைக் கிழித்துக்கொண்டு கூடுதல் தூரம் போகும். அந்தத் திசையில்தான் ஏமாற்ற இடம் உண்டு, எனவே அந்தத் திசைக்குத்தான் பூட்டு. எங்களில் மூத்தவர், ஓய்வு பெற்று ஓசூரில் குடியேறியவர், 1.62 அங்குல விட்டமுள்ள பழைய ‘சின்னப் பந்தில்’ ஆடப் பழகியவர். அது 1990-இல் விதிகளிலிருந்து நீக்கப்பட்டது. ரப்பர் நூல் சுற்றி மேலே பலாட்டா என்ற மென்மையான ரப்பர் வகை உறை போட்ட பந்துகளையும் அவர் அடித்திருக்கிறார். மட்டையின் விளிம்பு பட்டால் அந்த உறை சிரித்த வாய்போலப் பிளந்துகொள்ளுமாம். 2000-ஆம் ஆண்டு இறுதியில் புரோ வி1 வந்தபின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் நூல் சுற்றிய பந்தைக் கைவிட்ட வேகத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் தேநீர் ஆறிவிடும்.

இரண்டு தசமத் துல்லியமுள்ள நகைத் தராசில் நிறுத்துப் பார்த்ததில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் வரம்புக்குள் கச்சிதமாக அடங்கின. ஒரே பெட்டியில் உள்ள பந்துகளுக்குள் எடை வேறுபாடு மிகச் சொற்பம். மஞ்சள் பந்துகளில் ஒன்று 46.1 கிராம் காட்டியது. மறுபடி நிறுத்தேன், அதே எண். புதுப் பூச்சின் எடை கூடியிருப்பதுடன், அந்தப் பூச்சு பந்தின் குழிகளின் விளிம்பிலும் படிந்திருந்ததைக் கட்டைவிரல் நகத்தாலேயே உணர முடிந்தது. குழிகள் அழகுக்காக இருப்பவை அல்ல. பந்தை ஒட்டி ஓடும் காற்றுப் படலத்தைக் கலக்கிவிட்டு, அது பந்தின் பின்புறம் வரை விலகாமல் ஒட்டி வரச் செய்து, பின்னிழுக்கும் விசையைக் குறைப்பவை அவைதாம். குழியே இல்லாத வழவழப்பான பந்து அதே அடிக்கு ஏறக்குறைய பாதித் தூரம்தான் போகும். குழியின் ஆழத்தைப் பூச்சு நிரப்பினால் என்ன ஆகும் என்பதை மைதானத்தில் பார்த்தோம்.

அடுத்தது உப்புத் தண்ணீர். கோல்ஃப் பந்து வெறும் தண்ணீரில் மூழ்கும். லிட்டருக்குக் கால் கிலோ கல் உப்பைக் கரைத்தால் மிதக்கும். மிதக்கும் பந்தின் உச்சியில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, விரலால் சுண்டிச் சுழலவிட வேண்டும். சுழன்று நிற்கும்போது ஒவ்வொரு முறையும் அதே புள்ளி மேலே வந்தால், பந்தின் உட்கரு நடுவில் இல்லை, ஒரு பக்கம் கனமாக இருக்கிறது என்று பொருள். நான்கு லிட்டர் வாளிக்கு ஒரு கிலோ உப்பு போனது. மாவடு போட வாங்கி வைத்த உப்பு அது என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. “பந்துல ஊறுகாய் போடறீங்களா?” என்று என் மனைவி கேட்டதற்கு என்னிடம் தக்க பதில் இல்லை. பன்னிரண்டு சிவப்பில் ஒன்றுகூட அடம்பிடிக்கவில்லை. நீலத்தில் ஒன்றும் பச்சையில் ஒன்றும் மந்தமாகத் திரும்பின. மஞ்சளில் ஐந்து, விட்ட கணமே தஞ்சாவூர் பொம்மைபோல அதே புள்ளியை மேலே தூக்கிக் காட்டின.

மைதானத்தில் முதலில் டிரைவர், அதாவது அதிக தூரம் அடிக்கும் மட்டை. எங்களில் யாரும் 210 யார்டைத் தாண்டுபவர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் வேகமாக மட்டை வீசுபவருக்கு இந்த முடிவுகள் பொருந்தாமல் போகலாம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி குறைவு. சென்னையில் ஆடிப் பழகியவர்கள் இங்கே வந்தால் ஒவ்வொரு மட்டையிலும் சில யார்டு கூடுதலாகப் போவதைப் பார்த்துத் தங்கள் ஆட்டம் முன்னேறிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். ஆளுக்கு ஒவ்வொரு நிறத்திலும் ஐந்து அடி என மொத்தம் எண்பது அடிகள். பந்து விழுந்த இடத்தில் கேடிகள், அதாவது பை சுமக்கும் உதவியாளர்கள், கொடி நட, அளவுமானியால் தூரம் பார்த்துக் குறித்துக்கொண்டோம்.

சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் சராசரிகளுக்கும் இடையே வந்த அதிகபட்ச வேறுபாடு 6 யார்டு. நீலம் முன்னே, சிவப்பு பின்னே என்று ஒருவர் உடனே தீர்ப்பு எழுதத் தயாரானார். நான் தடுத்தேன். ஒரே சிவப்புப் பந்தை நான் அடித்த ஐந்து அடிகளில் நீண்டதற்கும் குறுகியதற்கும் இடையே 31 யார்டு இருந்தது. தொழிற்சாலையில் ஒரு பாகத்தை அளப்பதற்கு முன் அளவுகோலைச் சோதிப்போம்: ஒரே பாகத்தை ஒரே ஆள் பத்து முறை அளந்தால் பத்து முறையும் ஒரே எண் வருகிறதா என்று பார்ப்போம். கோலின் ஆட்டமே பாகங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தால், அந்தக் கோலால் நல்ல பாகம் எது, கெட்ட பாகம் எது என்று பிரிக்க முடியாது. கோலைத்தான் ஓரங்கட்ட வேண்டும். டிரைவர் கையில் இருக்கும்போது நாங்கள் நால்வரும் அப்படிப்பட்ட கோல்கள். ‘பத்து யார்டு கூடுதல்’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி வாங்கும் என்னைப் போன்ற சராசரி ஆட்டக்காரர், தன் கையால் ஒருபோதும் சரிபார்க்க முடியாத ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறார்.

மஞ்சளின் கதை வேறு. மோசமான கோலால் அளந்தபோதும் அதன் குறை தெரிந்தது. நேராக அடித்த இரண்டு அடிகள் நடுவானில் மூச்சு விட்டதுபோலத் தொய்ந்து மற்றவற்றுக்கு 25 யார்டு முன்னதாகவே விழுந்தன. தொய்ந்த இரண்டும் உப்புத் தண்ணீரில் அடம்பிடித்தவையா என்று குறித்து வைக்காமல் போனது என் தவறு.

இரண்டாம் ஞாயிறு முழுவதையும் கிரீனை, அதாவது கொடியும் குழியும் உள்ள மழித்த புல்தரையைச் சுற்றியே செலவிட்டோம், அங்கேதான் விஷயம் இருந்தது. கொடியிலிருந்து 40 யார்டு தள்ளி நின்று 56 டிகிரி சாய்ந்த முகமுள்ள வெட்ஜ் மட்டையால் ஒவ்வொரு நிறத்திலும் ஆளுக்குப் பத்து அடி. இந்தத் தூரத்தில் எங்கள் கை அவ்வளவு ஆடுவதில்லை. ஒரே பந்தில் எனக்கு வந்த வேறுபாடு ஒன்றரை அடியெடுப்புக்குள் இருந்தது. சிவப்புப் பந்து விழுந்து, ஒருமுறை துள்ளி, இரண்டாம் துள்ளலில் யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல நின்றது. விழுந்த இடத்திலிருந்து பெரும்பாலும் இரண்டு அடியெடுப்புத்தான். நீலம் ஆறு, ஏழு அடியெடுப்பு ஓடியது. பச்சை மூன்றடுக்காக இருந்தும் ஐந்துக்குக் குறையவில்லை. இதற்குக் காரணம் அடுக்குகளின் எண்ணிக்கையில் இல்லை, உறையில் இருக்கிறது. வெட்ஜின் முகத்தில் உள்ள கோடுகளுக்குள் மென்மையான யூரித்தேன் அழுந்திப் பிடித்துக்கொள்வதால் பந்து பின்புறமாகச் சுழன்றபடி கிளம்புகிறது. சற்றுக் கடினமான அயனோமர் அதே முகத்தில் வழுக்கிக்கொண்டு மேலேறிவிடுகிறது. ‘மூன்றடுக்கு’ என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து நடுத்தர விலைப் பந்தை வாங்குபவர்கள், உறை எதனால் ஆனது என்று அதே பெட்டியின் பின்பக்கத்தில் படித்துவிட்டு வாங்குவது நல்லது. என்னைக் கேட்டால் நான்கில் மிகவும் ஏமாற்றமளித்தது பச்சைதான். விலையில் சிவப்பை நோக்கி ஏறி, வேலையில் நீலத்தோடு நின்றுவிட்டது. மஞ்சள் ஒருமுறை இரண்டு அடியெடுப்பில் நின்றது, மறுமுறை ஆறு ஓடியது. எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாத பந்தை வைத்துக்கொண்டு எதைத் திட்டமிடுவது?

கிரீனில் உருட்டும்போது பந்துகளுக்கிடையே நாங்கள் கண்ட ஒரே வேறுபாடு சத்தம். அதுவும் எங்களுக்கு முன்னால் கேடித் தம்பிக்குத்தான் தெரிந்தது. வீட்டில் தெலுங்கும் எங்களோடு தமிழும் பெங்களூருக்காரர்களோடு கன்னடமும் பேசும் அந்தப் பையன், முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று, ஒவ்வொரு உருட்டலுக்கும் நிறத்தைச் சொல்லிக்கொண்டே வந்தான். பன்னிரண்டில் பத்து சரி. “மார்க்கை மறைச்சிட்டீங்க சார், சத்தத்தை என்ன பண்ணுவீங்க?” என்றான். சிவப்புக்கு அடங்கிய ‘தொப்’, பச்சைக்குக் கறாரான ‘டிக்’. நீலம் இரண்டுக்கும் நடுவில். உறையைப் பிரித்துத் தாளைப் படித்தபோது வியப்படையாதவன் அவன் ஒருவன்தான்.

உழைப்பைப் பொறுத்தவரை தீர்ப்பு தலைகீழாகிறது. எங்கள் மைதானத்தின் ஓரங்களில் செம்மண்ணோடு கருங்கல் சல்லி கலந்திருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்லுக்கா பஞ்சம்? சல்லியில் ஒருமுறை பட்ட சிவப்புப் பந்தின் உறையில் பூனை பிறாண்டியதுபோல் கீறல் விழுந்தது. அதே சல்லியில் மூன்று முறை பட்ட நீலத்தைத் துணியால் துடைத்துவிட்டு ஆட முடிந்தது. வெட்டோ விரிசலோ விழுந்தால்தான் ஒரு குழிக்கான ஆட்டத்தின் நடுவே பந்தை மாற்ற விதி இடம் தருகிறது. வெறும் கீறலுக்கு இடமில்லை என்பதால், அந்தக் குழிக்கான ஆட்டம் முடியும்வரை கீறிய பந்தோடுதான் போக வேண்டும்.

ஒரு சுற்றில் நான்கைந்து பந்துகளைத் தண்ணீருக்கும் புதருக்கும் காணிக்கை கொடுப்பவர் நீல வகையை வாங்கட்டும். கொடிக்கு ஏழு அடியெடுப்பு முன்பாகவே பந்தை இறக்கி ஓடவிடப் பழகிக்கொண்டால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுற்றுக்கு ஒன்றிரண்டு மட்டும் தொலைப்பவர், வெட்ஜால் ஓரளவு நேராக அடிக்கத் தெரிந்தவர், சிவப்பு வகைக்குக் கொடுக்கும் பணம் வீணல்ல. எதை வாங்கினாலும் சுற்று முழுவதும் ஒரே வகையோடு ஆட வேண்டும். பையில் கிடைத்ததை எல்லாம் மாற்றி மாற்றி அடிப்பவருக்கு 40 யார்டிலிருந்து பந்து எங்கே நிற்கும் என்பது கடைசிவரை புதிராகவே இருக்கும். மறுபூச்சுப் பந்தை வலையில் அடித்துப் பழகுவதற்கு மட்டும் வாங்கலாம். பூச்சுப் போடாமல் கழுவி மட்டும் விற்கும் பழைய பந்துகளை நாங்கள் சோதிக்கவில்லை, ஆகவே இந்தத் தீர்ப்பு அவற்றுக்குப் பொருந்தாது.

நான் சிவப்பு வகையில் இரண்டு டஜனுக்குச் சொல்லியிருக்கிறேன். இரண்டாண்டு வாக்குவாதத்தில் எதிர்க்கட்சியாக இருந்த நண்பர் நீலத்திலேயே நிற்கிறார். மாசியில் கிரீன் ஈரமாகவும் மிருதுவாகவும் இருந்தது, சித்திரை வெயிலில் அது இறுகிப்போனால் சிவப்பும் நான்கு அடியெடுப்பு ஓடும், அப்போது பார்க்கலாம் என்பது அவர் வாதம். அது நியாயமான வாதம்தான். மகள் புள்ளி வைத்த பந்துகளில் வகைக்கு மூன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். சித்திரையில் அதே 40 யார்டிலிருந்து மறுபடி அடித்துப் பார்க்கப்போகிறோம்.