பத்து சனிக்கிழமையும் ஒரு சிவப்புப் பேனாவும்

மெக்கானிக்கல் முடித்துவிட்டு பிஎச்டி சேர்ந்த ஆள் நான். முந்தைய ஆய்வுகளைப் பற்றிய அத்தியாயத்தை இரண்டு முறை எழுதிக் கொடுத்தும், "இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்னு அடுக்கியிருக்கே, நீ என்னப்பா சொல்றே?" என்று கைடு திருப்பித் தந்துவிட்டார். அந்தக் கடுப்பில்தான் மயிலாப்பூர் பக்கம் ஒரு மாடியில் நடக்கும் இந்த வாசிப்பு, எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். பத்து சனிக்கிழமை, 4,500 ரூபாய். வரலாறும் இலக்கியமும்தான் பாடம் என்பது உட்கார்ந்த பிறகே தெரிந்தது. பணம் போச்சு என்று நினைத்தேன்.

முதல் நாளே ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள்: திராவிட மொழிக்குடும்பம் எப்படிக் கண்டறியப்பட்டது? அநேகமாக எல்லோருமே '1856இல் கால்டுவெல் முதன்முதலில் கண்டுபிடித்தார்' என்று எழுதியிருந்தோம், பள்ளிக்கூடத்தில் படித்ததாச்சே. வகுப்பெடுத்த மேடம் 'முதன்முதலில்' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் சிவப்புப் பேனாவால் சுழித்து, ஓரத்தில் 'யார் சொன்னது?' என்று கேட்டிருந்தார். அடுத்த வாரம் எல்லிஸ் வந்தார். சென்னையில் கலெக்டராக இருந்தவர். 1816இல், கேம்பல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரைக்கு ஒரு குறிப்பு எழுதி, அதில் தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களை அருகருகே வைத்து, தெலுங்கு சமஸ்கிருதத்திலிருந்து பிறந்ததல்ல என்று காட்டியிருக்கிறார். கால்டுவெல்லுக்கு 40 வருடம் முன்னால்!

சரி, அப்படியானால் கால்டுவெல் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதிவிடலாமா? அதுவும் தப்பு. அந்த மொழிகளை விரிவாக ஒப்பிட்டு முழு ஒப்பிலக்கணமே எழுதி, 'திராவிட' என்ற பெயரை நிலைக்கவைத்தவர் அவர்தான். இந்த இரண்டு பேருக்கும் அநியாயம் செய்யாமல் ஒரே வாக்கியம் எழுதணும், அவ்வளவுதான் வீட்டுப்பாடம். எனக்கு ஐந்து தடவை ஆனது. நாலாவது தடவை எழுதும்போதுதான், அடடா, கைடு இரண்டு வருடமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானே என்று உறைத்தது.

வேறொரு வாரம் உ.வே.சா.வின் முகவுரைகள். 1894இல் வந்த புறநானூற்றுப் பதிப்பில், எந்தச் சுவடி யாரிடமிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார் மனிதர். மென்பொருள் தானாகக் கொட்டுகிற துணைநூல் பட்டியலை ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காத எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. திருத்திய தாள் கைக்கு வர மூன்று வாரம் ஆகும், அதற்குள் என்ன எழுதினோம் என்பதே மறந்துபோகும். ஜெராக்ஸ் படுமோசம், ஒற்றெழுத்துக்குப் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று ஊகித்துப் படிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ஒரே ஒரு வாரம்தான், அதையும் ஸ்லைடு போட்டு ஓட்டிவிட்டார்கள். என்னைப் போல ஆங்கிலத்தில் தீசிஸ் எழுதுபவர்களுக்கு அது போதவே போதாது.

அடுத்த வாரம் கட்டுரை அனுப்பியாக வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தால் போகாதீர்கள், இங்கே ஒரு பக்கத்தை இரண்டு மணி நேரம் படிப்பார்கள். நேரம் இருக்கிறவர்கள் தாராளமாகச் சேரலாம். அத்தியாயத்தை மூன்றாவது முறை கொடுத்தபோது கைடு மூன்று இடத்தில்தான் கை வைத்தார். அதில் ஒன்று, 'இதுவரை யாரும் ஆராயாத' என்று நான் எழுதியிருந்த இடம். பக்கத்தில் 'நிஜமாவா?' என்று எழுதியிருந்தார். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா!

அப்புறம், வண்டி நிறுத்த இடமே கிடையாது. பஸ்ஸில் போய் லஸ்ஸில் இறங்கி நடந்துவிடுங்கள். ஜெராக்ஸைப் படிக்க நல்ல வெளிச்சம் வேண்டுமென்றால் சீக்கிரம் போய் ஜன்னலோரம் இடம் பிடியுங்கள்.