விஓபியா, எம்பி4ஆ: பழைய அகலத்திரை டிவிடியை எடிட்டிங்கில் ஏற்ற எது நல்லது?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். வருஷத்துக்கு நாலைந்து பேராவது ஒரு பழைய டிவிடியோடு வந்துவிடுவார்கள். போன மாசம் வந்தவருக்குப் பெண் கல்யாணம். செத்துப்போன அம்மா அந்த வீடியோவில் ஒரு நிமிஷமாவது வரவேண்டும் என்றார். அந்த அம்மா இருக்கிற ஒரே வீடியோ, 2010-இல் அவர் தம்பி கல்யாணத்துக்கு எடுத்த டிவிடி.

வழி இரண்டு. டிஸ்க்கிலிருந்து விஓபி (VOB, டிவிடியில் படமும் சத்தமும் இருக்கிற) ஃபைல்களை அப்படியே காப்பி செய்து எடிட்டிங் சாஃப்ட்வேரில் போடலாம். இல்லாவிட்டால் ஹேண்ட்பிரேக் என்கிற வீடியோ மாற்றும் சாஃப்ட்வேரில் எம்பி4 ஆக மாற்றிவிட்டுப் போடலாம். முதல் வழியில் நேரம் மிச்சம், தரமும் குறையாது. இரண்டாவதில் இன்னொரு முறை கம்ப்ரெஸ் ஆகும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. நானும் முதலில் விஓபியைத்தான் போட்டேன்.

ப்ரிவ்யூ பார்க்க வந்தவர் பந்தி சீனில் நிறுத்தச் சொன்னார். அவியல் வாளியோடு அம்மா நின்றிருந்தார்கள். "ஏங்கண்ணு, எங்கம்மா என்ன இப்படி முருங்கைக்காயாட்டம் ஆயிட்டாங்க?" என்றார். எனக்கு அந்த அம்மாவைத் தெரியாது, ஒல்லியான உடம்பு என்று நினைத்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

நம்மூர் டிவி முறையான பால் (PAL) டிவிடியில் படம் 4:3 ஆனாலும் 16:9 ஆனாலும் உள்ளே இருப்பது அதே 720 x 576 புள்ளிகள் (பிக்ஸல்) தான். அகலத்திரைப் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கி அதற்குள் அடைத்திருப்பார்கள். போடும்போது ஒவ்வொரு புள்ளியையும் 1.42 மடங்கு அகலமாக்கி 1024 x 576 ஆகக் காட்டவேண்டும். 'இது 16:9' என்கிற குறிப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று விஓபிக்குள் ஓடும் எம்பெக்-2 வீடியோவின் ஹெடரில் (தலைக்குறிப்பில்), இன்னொன்று பக்கத்திலிருக்கும், டிஸ்க் விவரம் வைத்திருக்கும் குட்டி ஐஎஃப்ஓ (IFO) ஃபைலில். டிவிடி பிளேயர் ஐஎஃப்ஓ சொல்வதைக் கேட்கும். விஓபியை மட்டும் உருவி எடுத்தால் ஐஎஃப்ஓ பின்னாலேயே நின்றுவிடும். இந்த டிஸ்க்கை எழுதினவர் ஐஎஃப்ஓவில் 16:9 என்றும் ஹெடரில் 4:3 என்றும் விட்டிருந்தார். டிவியில் போட்டால் சரியாக இருந்த அம்மா, என் டைம்லைனில் மெலிந்துபோனது அதனால்தான்.

சாஃப்ட்வேரில் க்ளிப்புக்குப் புள்ளி விகிதத்தை (ஒரு புள்ளியின் அகலம் உயரத்தைப்போல எத்தனை மடங்கு என்பதை) கையால் மாற்றலாம்தான். ஆனால் ஒரு டிஸ்க்கில் விஓபி ஒன்று இல்லை, ஒவ்வொரு ஜிபிக்கும் வெட்டி நாலைந்து இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மாற்றவேண்டும், ப்ராஜெக்ட் வேறு சாஃப்ட்வேருக்குப் போனால் மறுபடியும் மாற்றவேண்டும். ஒன்று விட்டுப்போனால் ஒருத்தர் முருங்கைக்காய். இன்னொரு தொல்லையும் உண்டு. பிரீமியர் என்கிற எடிட்டிங் சாஃப்ட்வேரில் சிஎஸ்4 வெர்ஷனிலிருந்து பால் அகலத்திரை என்று தேர்ந்தெடுத்தால் 1.4587 என்று எடுத்துக்கொள்ளும். அகலம் 1050 ஆகும். தனியாகப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. 1.4222-இல் மாற்றின க்ளிப்பை அடுத்து வைத்தால் முகம் லேசாக உப்பி இறங்கும்.

ஹேண்ட்பிரேக்குக்கு விஓபியைத் தனியாகக் கொடுக்கக்கூடாது. டிஸ்க்கின் வீடியோ டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டரை முழுசாகக் கொடுங்கள். ஐஎஃப்ஓவையும் படித்து, துண்டுகளை ஒரே ஓட்டமாகச் சேர்த்துத் தரும். அனமார்ஃபிக்கை (படத்தை நெருக்கியே வைக்கும் முறையை) 'நன்' (None, வேண்டாம்) என்று வைத்து, அளவை 1024 x 576 ஆக்கிவிட்டால் புள்ளி சதுரமாகிவிடும். அதற்கப்புறம் எந்த சாஃப்ட்வேரில் போட்டாலும் அம்மா அம்மாதான். இன்னொரு வசதி: 1024 x 576-ஐ 1.875 மடங்கு பெரிதாக்கினால் சரியாக 1920 x 1080. ஓரத்தில் கறுப்பும் விழாது, வெட்டவும் வேண்டாம்.

மூன்று இடத்தில் மட்டும் கவனம். கறுப்பு ஓரம் தெரிந்தால் அதுவாகவே வெட்டுகிற ஆட்டோ க்ராப்பை நிறுத்துங்கள். இருட்டான மண்டப ஷாட்டில் அது படத்தையே கடித்துவிடும். ஃப்ரேம் ரேட்டைக் கான்ஸ்டன்ட் (மாறாதது) ஆக்குங்கள். டீஇன்டர்லேஸை (ஒன்றுவிட்டு ஒன்றாகப் பதிந்த வரிகளை முழு ஃப்ரேமாக்குவதை) பாப் (Bob) முறையில் வைத்தால் நொடிக்கு 50 ஃப்ரேம் கிடைக்கும், ஜெண்டை மேளக்காரர் கை சீப்புப்பல் கோடில்லாமல் ஆடும். தரத்துக்கு ஆர்எஃப் (RF, எண் குறைந்தால் தரம் கூடும்) 18 முதல் 22 வரை என்பது பொதுவான சிபாரிசு. திரும்ப எடிட் செய்யப் போவதால் நான் 16-க்கு இறங்குகிறேன். ஃபைல் பெரிதாகும், ஆகட்டும். பெரிதாக்கின படத்தில் வித்தியாசம் தேடினேன், கண்ணுக்கு அகப்படவில்லை.

வடிவம் சரிதானா என்று பார்க்க மாப்பிள்ளை கார் சக்கரம் பக்கவாட்டில் தெரிகிற ஃப்ரேமில் நிறுத்துவேன். முகத்தை நம்புவதில்லை, பட்டது போதும்.

அமெரிக்காவிலிருந்து வந்த என்டிஎஸ்சி (NTSC, அந்த ஊர் டிவி முறை) டிஸ்க் ஒன்றே ஒன்றுதான் கைக்கு வந்தது. அது 720 x 480, அதனால் 854 x 480 ஆக்கினேன், சக்கரம் வட்டமாகவே இருந்தது. அந்த ஒரு டிஸ்க்கை வைத்துப் பெரிதாகப் பேச மாட்டேன்.

விஓபியை நேராகப் போடுவதும் ஒரேயடியாக வீண் இல்லை. பத்து நொடிக் க்ளிப் ஒன்று, அதுவும் நாளைக் காலையிலேயே வேண்டும் என்றால் இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். சில பழைய டிஸ்க்கில் அகலத்திரைப் படத்தை மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு 4:3-க்குள் வைத்திருப்பார்கள். 576 வரியில் படம் 432 வரிதான். அதற்கு 1024 கணக்கு போட்டால் ஆட்கள் குண்டாகிவிடுவார்கள். 768 x 576 ஆக எடுத்து, டைம்லைனில் பட்டையை வெட்டி, இரண்டரை மடங்கு பெரிதாக்கவேண்டும். படம் கொஞ்சம் மங்கும். அதைக் கஸ்டமரிடம் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.