சென்னை – யாழ்ப்பாணம் விமானம்: அம்மாவோடு போய் வந்த அனுபவம்

காலை 11 மணிக்குத் தாம்பரத்தில் வீட்டைப் பூட்டினோம். மாலை 5 மணிக்கெல்லாம் யாழ்ப்பாணம் பக்கத்துச் சுன்னாகத்தில் சின்னம்மா வீட்டு வாசலில் நின்றோம். எழுபத்தெட்டு வயது அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பழைய பயணத்தை நினைத்தால்தான் புரியும்.

2018இல் கொழும்பு வழியாகப் போனோம். கட்டுநாயக்க விமான நிலையம் யாழ்ப்பாணத்துக்குக் கிட்டத்தட்ட 290 கி.மீ. தெற்கே இருக்கிறது. போகவேண்டிய ஊரைத் தாண்டிப் போய் இறங்கி, ராத்திரி பஸ்ஸில் எட்டு மணி நேரம் திரும்ப வடக்கே வந்தோம். அம்மாவின் கால் வீங்கிவிட்டது. வீக்கம் வடிய இரண்டு நாளானது.

2019 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள பலாலி, சர்வதேச விமான நிலையமாக மாறியது. மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்கு நேர்க்கோட்டில் சுமார் 355 கி.மீ.தான். மதுரை விமான நிலையமே 400 கி.மீ.க்கு மேல்! இது தெரிந்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊருக்கா அம்மா வருஷக்கணக்காக ஏங்கினாள்?

டிக்கெட்டில் 1 மணி 15 நிமிடம் என்று போட்டிருந்தது. தரையை விட்டு எழும்பியதிலிருந்து இறங்கும்வரை நான் பார்த்தது 58 நிமிடம். ஆனால் வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விட்டோம். வீட்டிலிருந்து வீடுவரை ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிக்கெட் தளம் கொழும்பு வழியை மட்டுமே காட்டியது. நேரடி விமானம் இல்லை என்று அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

விமானம் ஏடிஆர் 72, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு காற்றாடி. ஏறும் கதவு பின்பக்கம். கதவோடு சேர்ந்த படிக்கட்டு, ஐந்தாறு படிதான். முழங்கால் வலியோடு அம்மா என் தோளைக்கூடப் பிடிக்காமல் ஏறினாள். முன்வரிசைகளில் காற்றாடிச் சத்தம் அதிகம், அதனால் பின்வரிசை நல்லது. மேலே பை வைக்கும் இடம் சின்னது, பெரிய பெட்டியைக் கையில் கொண்டுபோகாதீர்கள்.

இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்க மறைப்பே இல்லை. கோடியக்கரைப் பக்கம் தாண்டிய கொஞ்ச நேரத்தில் சத்தம் தணிந்தது. அப்புறம் செம்மண்ணும் வரிசை வரிசையாகப் பனையும். அம்மா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, “என்ன பிள்ளை, அதுக்குள்ள வந்திட்டமா?” என்றாள். குரல் உடைந்திருந்தது.

பலாலி சின்ன நிலையம். குடிவரவு, பெட்டி எல்லாம் முடிந்து முப்பத்தைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். காரில் இன்னும் இருபத்தைந்து நிமிடம்.

போகும்போது வலப்பக்க ஜன்னல் கேளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் சோழமண்டலக் கரை தெரியும். திரும்பும்போது இடப்பக்கம். அம்மாவுக்குத் தை மாதத்துக்கு மறுபடி இரண்டு சீட் போட்டாயிற்று.